திருடன், நாலு போலீஸ், ஒரு பின்னறை

இந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். என்னுடைய பெரிய முடிவுகள் எல்லாம் வாயில் நுரை இருக்கும்போதுதான் பிறக்கும். அப்போதுதான் என்னை யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் மூன்று அறைகள். ஹால் டிவிக்குச் சொந்தம். படுக்கையறை பீரோவுக்குச் சொந்தம். அது விட்டுவைத்த இடத்தில் நாங்கள் படுத்துக்கொள்கிறோம். மிச்சம் இருப்பது பின்னறை. ஒரு ஜன்னல், ஒரு பிளக், தரை முழுக்கப் பழைய பெட்டிகள். பெட்டிகளை அப்புறப்படுத்தி, ஒரு சாய்வு நாற்காலியையும் சின்ன டிவி ஒன்றையும் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் மனிதன் மனிதனாக இருக்கலாம்.

அறை வேண்டும் என்று நேரடியாகக் கேட்க எனக்கென்ன பைத்தியமா. இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவன். முதலில் அறைக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை என் மனைவியே கண்டுபிடித்ததாக அவளுக்குத் தோன்ற வேண்டும். அதற்காக அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு பரிசு வாங்கினேன்.

ஒரு வீடியோ கேம் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு டிஸ்க். டிஸ்க்கின் அட்டையில் "அந்தக் கால ஆட்டங்கள் முப்பத்தாறு, அச்சு அசல் அப்படியே" என்று போட்டிருந்தது. அந்தக் காலத்தில் இவையெல்லாம் ஆட்டக் கூடங்களில் ஆள் உயரப் பெட்டிகளாக வரிசை கட்டி நின்றவை. காசு போட்டால் உயிர் வரும். முப்பத்தாறு பெட்டிகளையும் சுருட்டி உள்ளங்கையளவு தகட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். எங்கள் பீரோவையும் யாராவது இப்படி அடைத்துக் கொடுத்தால் தேவலை.

"இது எனக்கா?" என்றாள், காகிதத்தைப் பிரித்துவிட்டு.

"உனக்குத்தான்."

"போன வருஷமும் எனக்குத்தான்னு சொல்லி சுவத்துல ஓட்டை போடற மெஷின் வாங்கினீங்க."

"ஓட்டை போட்டேனா இல்லையா?"

"போட்டீங்க. அதை அடைக்க நான்தான் ஆள் கூப்பிட்டேன்."

என் மனைவிக்கு பஸ் டிப்போவில் வேலை. டைம்டேபிள் பிரிவு. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி, எங்கே திரும்பி, எங்கே நிற்க வேண்டும் என்று எழுதுவது அவள் கை. அந்த டைம்டேபிளில் நானும் ஒரு வண்டிதான். காலை எட்டு பத்துக்குப் புறப்படுவேன், மாலை ஏழேகாலுக்கு வந்து சேருவேன். தாமதமானால் விளக்கம் கேட்கப்படும். எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து, எதிரே எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்பேன். எனக்கே கடைசி வரி தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் கண் பார்க்கிறவனே கண்ணாடி போட்டால் கடைக்கு என்ன மரியாதை? போடவில்லை.

"சின்ன வயசுல நான் இதுல சாம்பியன், தெரியுமில்ல?" என்றேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கீங்க. வேற எதுவும் சொல்லலை."

முப்பத்தாறில் என்னுடைய ஆட்டம் எது என்று தேடிப் பிடித்தேன். திருடனும் நாலு போலீசும். சந்துபொந்தாக ஒரு ஊர். சந்தெல்லாம் காசு இறைந்து கிடக்கும். மூட்டையோடு ஓடும் திருடன் நாம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு தொப்பி போட்ட நாலு போலீஸ் நம்மைத் துரத்துவார்கள். சிக்காமல் எல்லாக் காசையும் பொறுக்கிவிட்டால் ஒரு சுற்று முடிந்தது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு ஆரம்பித்தேன். பதினோராவது நொடியில் சிக்கினேன்.

"ஜாய்ஸ்டிக் புதுசு. இறுக்கமா இருக்கு" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி அவளுக்கும் தெரியும், ஆனால் சொல்லவில்லை. அவள் கவனம் திரையில் இருந்தது.

"அவன் என்னத்தைத் திருடினான்?"

"காசைத்தான்."

"காசு தெருவுலதானே கொட்டிக் கிடக்கு? கீழ கிடக்கிறதைப் பொறுக்கினா அது திருட்டா?"

"ஆட்டம் அப்படி."

"நாலு போலீசும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டாங்களா? நாலு பக்கமும் நின்னா ஒரு நிமிஷத்துல வேலை முடிஞ்சுதே."

முப்பது வருஷத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை.

"வலது பக்கக் கதவு வழியா வெளிய போறவன் இடது பக்கமா உள்ள வர்றானே. நடுவுல எங்க இருந்தான்?"

அந்த ஒரு கேள்வி என்னை இரண்டு நாள் படுத்திவிட்டது. கடையில் ஒரு பெரியவர் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கிறார். நான் அவன் நடுவில் எங்கே இருந்தான் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் எல்லா எழுத்தையும் தப்பாகச் சொல்லி முடித்திருக்கிறார். "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மட்டும் அற்புதமாக ஆடினேன். காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன், அவ்வளவுதான், திருடன் பறந்தான். நடுவில் எனக்குக் காது அரித்தது. ஒரு கையால் சொறிந்துகொண்டேன். அப்போதும் பறந்தான். "பாரு, பாரு" என்று கூவினேன். அவள் திரையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டாள். சுற்று முடிவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு வரச் சொன்னாள். போய்விட்டு வந்து ஆடினேன். ஒன்பதாவது நொடியில் சிக்கினேன். ஆடிக்கொண்டிருப்பவனை எழுப்பிவிட்டால் அப்படித்தான் ஆகும்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் கும்மாளம். மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது. தினமும் சாயங்காலம் அவளே டிவியைப் போட்டாள். "இந்த செகப்புத் தொப்பி முதல் திருப்பத்துல எப்பவும் வலது பக்கம்தான் போறான், கவனிச்சீங்களா?" என்றாள். "நீலத் தொப்பிக்குத் திருடனே முக்கியமில்ல. அவன்பாட்டுக்கு மூணு சந்தைச் சுத்தி வர்றான்" என்றாள். இன்னும் ஒரு வாரம். இதற்கென்று தனியாக ஒரு அறை இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவளே வாய்விட்டுச் சொல்லப்போகிறாள்.

பத்தாம் நாள் சொன்னாள்.

"ஏங்க, பின்னறையைக் காலி பண்ணணும்."

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றேன். எனக்குக் குரல் தழுதழுத்தது.

"அம்மா குடியிருக்கிற கட்டடத்தை இடிக்கப் போறாங்களாம். இனிமே அம்மா நம்மகூடவே இருக்கட்டும்."

தழுதழுப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. என் அத்தை நல்லவர். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். அவர் காதுக்குத் தப்பி ஒரு வீட்டில் ஒரு டப்பாவைத் திறக்க முடியாது. ஒருமுறை ஹாலில் உட்கார்ந்தபடியே, நான் அடுக்களையில் சாப்பிட்டது மூன்றாவது பிஸ்கட் என்று சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

"அந்த அறையை விளையாடறதுக்குன்னு நெனச்சிருந்தேனே" என்று வாயைக் கொடுத்தேன்.

"யார் விளையாட?"

"நீதான். உன் பரிசுதானே அது?"

"எனக்கு ஹாலே போதும்."

"சரி, ஒரு சாம்பியனுக்குப் பயிற்சி பண்ண ஒரு இடம் வேணாமா?"

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். தாமதமாக வந்த வண்டியைப் பார்க்கும் பார்வை அது.

"பத்து நாளாப் பார்க்கறேன். முதல் சுற்றை நீங்க ஒரு தடவைகூட முடிக்கலை."

"முடிக்க எவ்வளவு நேரமாகும்? மனசு வைக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப மனசு வையுங்க. மூணு வாரம் டைம். மூணாவது ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு ஒரே ஒரு ஆட்டம். முதல் சுற்றைச் சிக்காம முடிச்சா அறை உங்களுக்கு. அம்மா என் தம்பி வீட்டுக்குப் போகட்டும். சிக்கினா, பெட்டியெல்லாம் நீங்களே இறக்கி, சுவருக்கு நீங்களே வெள்ளையடிச்சு, அம்மாவை நீங்களே போய்க் கூட்டிட்டு வரணும்."

"சாட்சி வேணும்" என்றேன். இவளோடு பந்தயம் கட்டும்போது சாட்சி இல்லாமல் கட்டக் கூடாது. "மேல்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் வரட்டும். நியாயமான மனுஷன்."

"தாராளமா வரட்டும்" என்றாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். என் மனைவி எதற்கும் தாராளமாக என்று சொன்னதே இல்லை.

மூன்று வாரம் பேய் மாதிரி பயிற்சி செய்தேன். கடையில் மேஜை மேல் கட்டைவிரல் தானாக நகர்ந்தது. பாதையில் சிவப்புச் சட்டை போட்டவர் எதிரே வந்தால் இடது பக்கம் ஒதுங்கினேன். பலன் இல்லை. கிட்டத்தட்ட எல்லாக் காசையும் பொறுக்கிவிடுவேன். கடைசி நாலைந்து காசு மூலையில் கிடக்கும். அங்கே மஞ்சள் தொப்பி எனக்காகக் காத்துக்கொண்டிருப்பான். என்னை அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

இடையில் ஒரு நாள் அவள் வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போனாள் என்று டிப்போவுக்கு எடுத்துப் போனேன். அவள் மேஜையில் இல்லை. மேஜைக்குப் பின்னால் சுவரில் வழித்தட வரைபடங்கள். அவற்றுக்கு நடுவே ஒன்று எனக்கு ரொம்பப் பழக்கமான ஊராக இருந்தது. சந்துபொந்து. நாலு கலர் கோடு. ஒவ்வொரு திருப்பத்திலும் நொடி கணக்கு. நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து அவள் அதிகாரி பக்கத்தில் வந்தார்.

"புது வழித்தடம் போலிருக்கு சார். எந்த ஏரியான்னு எங்களுக்கே சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார். "ஆனா பாருங்க, நாலு வண்டியும் ஒரு இடத்துலகூட இடிச்சுக்கலை. பிரமாதம்."

படத்தின் கீழே தனியாக ஒரு கட்டம் போட்டு, 'தானாகக் கிளம்பும் நேரம்: 40 நொடி' என்று எழுதியிருந்தது. எந்த வண்டி தானாகக் கிளம்பும்? நாற்பது நொடி எங்கிருந்து வந்தது? தலை வெடித்துவிடும்போல இருந்தது. கேட்டால் திருட்டுத்தனமாகப் பார்த்தது தெரிந்துவிடும். அதனால் நாலு கலர் கோட்டை மட்டும் கடைச் சீட்டின் பின்பக்கம் அவசரமாகக் காப்பி அடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு ஆடினேன். சிவப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று குனிந்து கண்ணைச் சுருக்கிப் படிப்பதற்குள் நீலம் வந்து என் சட்டையைப் பிடித்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு வந்தது. பத்து மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் தன்னுடைய டம்ளரில் தானே டீ எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நியாயமான மனிதர் என்று நான் சொன்னது இதற்குத்தான். சாட்சி சொல்கிற வீட்டில் டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

என் மனைவி தன் ஜாய்ஸ்டிக்கால் ஆட்டத்தைத் தேடி வைத்தாள். அதை அலமாரி மேல் வைத்துவிட்டு என்னுடையதை என் கையில் கொடுத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நிபந்தனையை உங்க வாயாலயே சொல்லிடுங்க. அவரும் கேட்டுக்கட்டும்."

சொன்னேன். முதல் சுற்று, சிக்காமல், ஒரே ஆட்டம்.

"வெள்ளையடிக்கிறது?"

அதையும் சொன்னேன்.

"தண்ணி குடிக்கறீங்களா?"

"வேணாம்."

"ஒரு வாய் குடிங்க. பதட்டமா இருக்கீங்க."

குடித்தேன். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். மூச்சு விடும் நேரம் பொறுத்து, "இப்ப ஆரம்பிங்க" என்றாள்.

பட்டனை அழுத்தினேன். அழுத்திய அதே கணம் ஆட்டம் தொடங்கியது.

என்ன சொல்ல. அப்படி ஓர் ஆட்டத்தை நான் என் வாழ்நாளில் ஆடியதில்லை. வலது, மேலே, மறுபடி வலது. சிவப்பு வருமுன் திருடன் சந்தைக் கடந்துவிட்டான். ஒரு இடத்தில் நான் இடது பக்கம் தள்ளினேன்; அவன் வலது பக்கம் போனான்; பார்த்தால் இடது பக்கச் சந்திலிருந்து பச்சை வருகிறான். இன்னொரு இடத்திலும் அதே. என் மூளைக்குத் தெரியாதது என் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது. திரையின் கீழே ஏதோ சின்ன எழுத்து மினுக்கிக்கொண்டிருந்தது. விளம்பரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூலையில் கடைசி நாலு காசு. மஞ்சள் தொப்பி நிற்கிறான். திருடன் அவன் முன்னால் போய் ஒரு கணம் நின்று, திரும்பி, கதவு வழியாக வெளியே போய், அந்தப் பக்கமாக உள்ளே வந்து, நாலையும் பொறுக்கினான். சுற்று முடிந்தது. திரை மினுங்கி முகப்புக்குத் திரும்பியது.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

"சார், கையா அது? இருபது வருஷமா லிஃப்ட் பட்டன் மாத்தறேன். இப்படிச் சொன்ன பேச்சு கேட்கிற பட்டனை நான் பார்த்ததில்லை."

"எல்லாம் சின்ன வயசுப் பழக்கம்" என்றேன்.

"கொஞ்சம் அடுக்களைக்கு வாங்க" என்றாள் மனைவி.

தோற்றவள் தனியாக அழ நினைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு போனேன். ஆறுதல் வார்த்தைகூட ஒன்று தயாராக வைத்திருந்தேன். அவள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று உள்ளங்கையை விரித்தாள். இரண்டு பேட்டரி.

"இது என்ன?"

"பேட்டரி."

"எதோடது?"

"டார்ச்சோடதா?"

"உங்க ஜாய்ஸ்டிக்கோடது. காலையிலேயே கழட்டிட்டேன்."

ஜாய்ஸ்டிக் இன்னும் என் கையில்தான் இருந்தது. திருப்பி மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு காலிக் குழி. இரண்டிலும் விரலை விட்டுப் பார்த்தேன்.

"அப்ப யாரு ஆடினது?" என்றேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

"அதுவேதான். நாப்பது செகண்ட் யாரும் தொடலைன்னா தானா ஒரு சுற்று ஆடிக் காட்டும். அந்தக் காலத்துல போறவங்க வர்றவங்க பார்த்து ஆசைப்பட்டுக் காசு போடணும்னு வச்சது. எப்பவும் ஒரே ஆட்டம், ஒரே வழி. கீழ எழுதியிருந்துச்சே, 'காசு போடவும்'னு."

"விளம்பரம்னு நெனச்சேன்."

"ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கடைசி வரி தெரியுதான்னு கேக்கறீங்க."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மூணாம் நாள். நீங்க காதைச் சொறிஞ்சுக்கிட்டே 'பாரு, பாரு'ன்னீங்க. நான் பார்த்தேன்."

எனக்குச் சட்டென்று பழைய ஆட்டக் கூடம் ஞாபகம் வந்தது. பையில் காசு இருந்த நாட்களில் நான் அங்கிருந்து சீக்கிரமே வீடு திரும்பியிருக்கிறேன். காசு இல்லாத நாட்களில்தான் பெட்டி முன் நின்று, குச்சியைப் பிடித்து, வெகுநேரம் வெற்றிமேல் வெற்றி பெற்றிருக்கிறேன். காசு போடாமல் எப்படி ஆட முடிந்தது என்று முப்பது வருஷமாக ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. திறமைக்கு இயந்திரம் கொடுத்த சலுகை என்று நினைத்திருக்கிறேன் போல. உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணம் என் தோளில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள்.

ஹாலில் மெக்கானிக் போனில் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. "நீ பார்த்திருக்கணும். விரல் தெரியலை, அவ்வளவு வேகம்."

"அவர்கிட்ட சொல்லிடட்டுமா?" என்றாள்.

"வேணாம்."

"அப்ப நீங்க ஜெயிச்சவராவே இருங்க. ஜெயிச்சவர் பெரிய மனசு பண்ணி அறையை விட்டுக்கொடுத்துட்டார்னு இருக்கட்டும். உங்களுக்கும் மரியாதை, அம்மாவுக்கும் அறை."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?"

"இந்தக் கட்டடத்துல இருக்கிற ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நிம்மதியாக இருந்தது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. ஹாலுக்குப் போய்த் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "ஜெயிச்சது ஜெயிச்சதுதான் சார். ஆனா அவங்க வயசுல பெரியவங்க. அந்த அறை எங்க அத்தைக்குத்தான்." மெக்கானிக் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். என் மனைவி, கணவனை நினைத்துப் பெருமைப்படும் மனைவியாகக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க வென்றவன் செய்ய வேண்டிய வேலைகளைச் செய்தேன். பெட்டிகளை இறக்கினேன். சுவருக்கு இரண்டு தடவை வெள்ளையடித்தேன். முதல் தடவை திட்டுத் திட்டாக இருப்பதாக மேலிடம் சொன்னது. மாடிப்படியில் பார்ப்பவர்கள் எல்லாம் வழிவிட்டு நின்றார்கள். மூன்றாவது மாடிக்காரர் தன் பெண்ணுக்கு என்னைக் காட்டி ஏதோ சொன்னார். தோளில் பெட்டி கனக்கவே இல்லை.

சனிக்கிழமை நானே போய் அத்தையைக் கூட்டிவந்தேன். அவர் பின்னறையைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், கட்டிலில் உட்கார்ந்தார். திருப்தி. அதற்குள் மெக்கானிக் இறங்கி வந்துவிட்டார். அத்தைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு சந்து விடாமல் சொன்னார். சிவப்பு எப்படி ஏமாந்தான், பச்சை எப்படி வந்தான், மஞ்சளை எப்படி நான் ஆட்டிவைத்தேன். கடைசியில், "அப்படி ஜெயிச்ச அறைங்க இது. உங்களுக்காக விட்டுக்கொடுத்தார்" என்று முடித்தார். நான் அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தை எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. எனக்கும் ஒரு தடவை ஆடிக் காட்டுங்க. பேட்டரி போட்டா, போடாமலா, உங்க சௌகரியம்."